கமருஸ்ஸமான் மேல் கமருஸ்ஸமான் கொடுத்த புகார்

புகார் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் புகார் கொடுப்பவர் பெயர், அடுத்ததில் யார் மேல் புகாரோ அவர் பெயர். அந்த மனிதர் இரண்டிலும் ஒரே பெயரை எழுதியிருந்தார். படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்பிக் கொண்டுவந்த ஒருவரை என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதனால் பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ரெண்டாவது கட்டத்துல யார் மேல புகாரோ அவங்க பேர எழுதணும் பாய்."

"அதத்தான் மேடம் எழுதியிருக்கேன்," என்றார்.

நான் அமுதவல்லி. புதுச்சேரியில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றத்தில் எழுத்தர். எங்கள் பதிவேட்டில் பெயர் இருந்தால் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கலாம், இல்லாவிட்டால் கூடாது. சட்டம் அவ்வளவுதான். போன வருஷம் பேப்பரில் ஓர் அறிவிப்புக் கொடுத்தோம். பதிவு இல்லாமல் யாராவது ஊசி போட்டால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். உடனே மொட்டைக் கடிதங்கள் குவிந்தன. பிரியாணியில் தவிர வேறெங்கும் ஆட்டைத் தொட்டறியாத தன் மச்சான் மேல் ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். அந்தக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த நாளில்தான் கமருஸ்ஸமான் பாய் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த அறிவிப்பு. எழுபதை நெருங்கும் வயது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "விளையாடறீங்களா?" என்றுதான் கேட்டேன்.

"ஒரு மாட்ட கொன்னுட்டேன் மேடம்," என்றார். நாற்காலியைக் காட்டினேன்.

அவர் வீடு முல்லா வீதியில். அப்பாவுக்குத் துணி வியாபாரம். இவருக்கு அளந்து கிழிக்கும் வேலை பிடிக்கவில்லை. முப்பதை நெருங்கும்போது அரசுக் கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்தொரு வருஷம் ஒரே டாக்டரிடம் இருந்தார். டாக்டர் லெயோன், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய குடும்பத்துப் பிள்ளை. ஊரில் அவரை முசியே, அதாவது ஐயா, என்பார்கள். கொட்டகைக்குள் நுழையும்போது பசுவைப் பார்த்து, "போன்ஜூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பக்கத்தில் போவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் பாய் லேசாகச் சிரித்தார்.

முசியே இறந்தார். பாய் ஓய்வு பெற்றார். ஆனால் நோணாங்குப்பம் பக்கத்து விவசாயிகளுக்கு ஓய்வு என்றெல்லாம் தெரியாது. மாடு படுத்தால் பாய்க்குப் போன். காசு வாங்கமாட்டார். சைக்கிள் கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "இந்த வயசுல எதுக்கு?" என்று அவர் மனைவி அக்தர் பேகம் கேட்டால், "வாயில்லாத ஜீவன் காத்திருக்கும்" என்பாராம். எனக்கு அது பெருமையாகத்தான் பட்டது. சட்டத்தைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவள் அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோணாங்குப்பத்து அஞ்சலாட்சி கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு இரண்டு ஜெர்சி கலப்புப் பசுக்கள். அதில் ஒன்று முந்தின நாள் கன்று போட்டிருந்தது. இப்போது கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. காது சில்லென்றிருந்தது. பாய் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், பால் காய்ச்சல் என்று. கன்று போட்ட மாட்டின் உடம்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து முழுக்கப் பாலுக்குப் போய்விட்டால் வருவது. கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். நூறு மாட்டுக்காவது அவர் பாட்டில் பிடித்திருக்கிறார்.

"முசியே ஊசிய குத்திட்டு, ஸ்டெத்தஸ்கோப்ப மாட்டு மாருல வெச்சிகினு ஒக்காந்துடுவாரு. நான் பாட்டில தூக்கிப் புடிச்சிகினு நிப்பேன். நடுநடுவுல என் முழங்கைய தொடுவாரு. நான் பாட்டில எறக்குவேன். கொஞ்ச நேரம் கழிச்சி கண்ணக் காட்டுவாரு, தூக்குவேன்."

"சரி."

"எனக்குக் கை வலிக்குமேன்னு எறக்கச் சொல்றாருன்னு நெனச்சேன் மேடம். முப்பத்தொரு வருசமா."

எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"முசியே இல்லாம கால்சியம் ஏத்துனது அன்னிக்கித்தான் மொதத் தடவ. நான் ஒண்டி. ஊசி சரியாத்தான் போச்சி. மாடு அவஸ்தைப்படுதே, சீக்கிரம் ஏறட்டும்னு நல்லா ஒசத்திப் புடிச்சேன். கை வலிச்சிது. என் வலிக்காக எறக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிகினு புடிச்சேன். பாதி பாட்டில்கூட ஏறல. மாடு ஒரு ஒதறு ஒதறிச்சி. போயிட்டுது."

அஞ்சலாட்சி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். விதி என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மிச்சம் இருந்த பாட்டிலோடு வீட்டுக்கு வந்தவர், கல்லூரியில் படிக்கும் பேத்தி ஆஃப்ரினிடம் அதன்மேல் ஒட்டியிருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். மெதுவாக ஏற்றவும், இதயத் துடிப்பைக் கவனிக்கவும், வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். எத்தனையோ பாட்டில்களைத் திறந்தவர் அன்றைக்குத்தான் அதைக் கேட்டார்.

"அவுரு மாட்டு நெஞ்ச கேட்டுகினு இருந்திருக்காரு. நான் என் கைய நெனச்சிகினு இருந்திருக்கேன்," என்றார்.

நான் படிவத்தை வாங்கி முத்திரை குத்தினேன். என் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

விசாரணைக்கு அஞ்சலாட்சியையும் அழைத்திருந்தோம். வந்தாள், சண்டைக் கோழி மாதிரி. பதிவாளர் அறையில் நுழையுமுன் என் மேசையில் நின்றுவிட்டாள்.

"செத்தது என் மாடு. நானே ஒண்ணும் சொல்லல. நீங்க யாரு இவுருமேல கேசு போட?"

"கேசு போட்டது அவரேதான்மா."

"அவுருக்குப் புத்தி பெசகிப்போச்சின்னா நீங்க கிழிச்சிப் போடறதுதான?"

பதிவாளர் நிதானமானவர். எல்லாம் கேட்டுவிட்டு, எச்சரிக்கை கொடுத்து எழுதி வாங்கினார். இனிமேல் தனியாக எந்த மாட்டுக்கும் வைத்தியம் செய்யக் கூடாது. பதிவு பெற்ற டாக்டர் பக்கத்தில் இருந்து சொன்னால் சின்ன உதவிகள் செய்யலாம், சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. பாய் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இவ்ளோதானா சார்?" என்றார். பெரிய தண்டனையாக எதிர்பார்த்து வந்திருக்கிறார், பாவம்.

வெளியே வந்ததும் அஞ்சலாட்சி மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டாள். இப்போது குரலில் சண்டை இல்லை. பயம்தான் இருந்தது. "இருக்கறது இன்னும் ஒரு மாடு. மாசக் கடைசியில கன்னு போடும், நாலாவது ஈத்து. அதுவும் படுத்துட்டா நான் யார கூப்புடறது? பையன் இங்க மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஷிப்டுக்குப் போயிடுவான். பாய் கையயும் கட்டிட்டீங்க. நீங்க வந்து பாப்பீங்களா?"

நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வந்திருப்பதைச் சொன்னேன். டாக்டரோடு வீட்டு வாசலுக்கே வரும், 1962 என்று அடித்தால் போதும். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அரசாங்கத் திட்டம் ஒவ்வொன்றையும் நானே கண்டுபிடித்து அவளை ஏமாற்றியது போல. என் கோபம்தான் தெரியுமே. அவள் போனைப் பிடுங்கி அந்த எண்ணைப் போட்டேன். கீழே என் எண்ணையும் போட்டேன்.

"வண்டி வரலன்னா எனக்குப் போன் போடுங்க. நானே வர்றேன்." வந்து என்ன செய்வேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

விசாரணை முடிந்த மூன்றாவது ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு அஞ்சலாட்சியிடமிருந்து போன் வந்தது. வண்டிக்குச் சொல்லிவிட்டாளாம். வருமோ வராதோ, நீ வா என்றாள். சாம்பாரை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். நோணாங்குப்பத்தில் போட் ஹவுஸுக்கு வந்த கார்கள் வழி மறித்து நின்றன. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மாடு அதே மாதிரிதான் கிடந்தது, கழுத்தை மடித்து. கன்று பக்கத்தில் நின்று அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி மாட்டின் தலையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். பாயையும் கூப்பிட்டிருக்கிறாள். அவர் கொட்டகைக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பை கொண்டுவரவில்லை.

"எதனா செய்யி பாய். அவங்க வரமாட்டாங்க," என்று அவள் அழுதாள்.

"தொடமாட்டேன்மா." அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் வந்தது யாருக்கும் ஒரு பயனும் இல்லை. வேப்பமரத்தடியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் ஓர் அரசாங்க வண்டிக்காக அப்படி வேண்டிக்கொண்டதில்லை. பத்து நிமிஷத்தில் வந்தது.

டாக்டர் நிர்மலாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றியதே நான்தான். இறங்கியதும் மாட்டின் காதைத் தொட்டார், கண்ணைப் பார்த்தார், பாட்டிலை எடுத்தார். அன்றைக்கு உதவியாளர் லீவு. டிரைவரோ ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்று வண்டியை விட்டு இறங்கவில்லை.

"யாராவது பாட்டிலைப் பிடிங்க."

நான் பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"இவர் முப்பத்தொரு வருஷம் பிடிச்சவர் டாக்டர்," என்றேன்.

"அப்போ ஏன் தூரமா நிக்கறீங்க? நான் சொல்ற மாதிரி பிடிங்க பாய், ஒண்ணும் ஆகாது."

அவர் என்னைப் பார்த்தார், அனுமதி கேட்பது போல. ஆகட்டும் என்று தலையாட்டினேன். மேற்பார்வை, பதிவு பெற்ற மருத்துவர், எல்லாம் சரியாக இருக்கிறதே. அவர் வந்து பாட்டிலை வாங்கினார். தூக்கவே பயந்தார். டாக்டர் கண்ணைக் காட்டிய பிறகுதான் கை உயர்ந்தது. டாக்டர் ஸ்டெத்தஸ்கோப்பை மாட்டின் இடது முன்காலுக்குப் பின்னால் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே, இன்னொரு கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டார்.

பாய் பாட்டிலை இறக்கினார். கன்னத்தில் கண்ணீர் தாரையாக இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"கை வலிக்குதா பாய்?" என்றார் டாக்டர்.

"இல்லம்மா. இப்ப நீங்க மாட்டு நெஞ்சுல என்னா கேட்டீங்க?"

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பாட்டிலைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, ஸ்டெத்தஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டார். மாட்டின் மேல் எந்த இடத்தில் வைப்பது என்று காட்டினார். "இப்போ சீரா இருக்கும். நின்னு நின்னு அடிச்சா, இல்ல தாளம் தப்பினா, எனக்குச் சொல்லுங்க."

பாய் முட்டி போட்டு உட்கார்ந்தார். பாட்டில் உயர்ந்தது. கொட்டகையில் நாங்கள் மூன்று பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உதடு துடிப்பை எண்ணியது. எண்ணிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவர் கை எழுந்தது, ஒரு சின்ன தயக்கத்தில் காற்றிலே நின்றது, பிறகு ஒற்றை விரலால் டாக்டரம்மாவின் முழங்கையைத் தொட்டது.

பாட்டில் இறங்கியது.

மாடு எழுந்து நிற்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்ததும் முதல் வேலையாக என் செருப்பின் மேல் சாணி போட்டது. நான் திட்டவில்லை. அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே அழுதாள். வண்டி கிளம்பும்போது டாக்டர் பாயின் எண்ணைக் குறித்துக்கொண்டார், இந்தப் பக்கம் வரும்போது உதவிக்குக் கூப்பிடுகிறேன் என்று.

பாய் தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழுவப் போனேன்.

"மேடம், முசியே எனக்கு கை வலிக்கும்னு எறக்கச் சொல்லல. அது இப்ப நல்லா தெரிஞ்சிடுச்சி."

"ம்."

"ஆனா அவுரு தொட்டப்பல்லாம் என் கை வலி கொறஞ்சிது மேடம்," என்றார். சொல்லிவிட்டு முழங்கையை ஒருமுறை தடவிக்கொண்டார்.