களாப்பழமும் காலி பாட்டிலும்

என் வீட்டு ஃப்ரிட்ஜில் எனக்கே எனக்கென்று ஒரு பொருள் ஒரு வாரம் இருந்தது. அதற்கு முன்னால் அப்படி எதுவும் இருந்ததில்லை, அதற்குப் பிறகு நானும் வைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மாவடு, பெங்களூரிலிருந்து மகன் வந்தால் அவனுக்குச் சீஸ், ஞாயிற்றுக்கிழமை வரும் நண்பர்களுக்கு சோடாவும் ஐஸ் கட்டியும் என்று எல்லாருக்கும் இடம் கொடுத்த அந்த ஃப்ரிட்ஜில், கதவின் மேல்தட்டில் ஓரமாக என் பாட்டில் நின்றது. உயரமான, ஒல்லியான பாட்டில். மேலே கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ படம். லண்டனிலிருந்து தங்கை கொண்டுவந்தது.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் நம் வீடுகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆம்பளைக்கு ஒரு ஃபாரின் பாட்டில். பிள்ளைகளுக்கு சாக்லேட். பொம்பளைக்குத் தலைவலித் தைலம். எங்களுக்குத் தலைவலி வரும் என்பதில் எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை. இந்த முறையும் என் வீட்டுக்காரருக்கு ஒரு விஸ்கி பாட்டில் வந்தது. அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முத்தம் கொடுக்காத குறையாக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மகன் கல்யாணத்துக்குத்தான் திறப்பாராம். மகனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

எனக்கு வந்தது எல்டர்ஃப்ளவர் சிரப். அந்த ஊரில் வேலி ஓரமாகப் பூக்கிற பூவாம். சர்க்கரைப் பாகில் எலுமிச்சையோடு ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். வேப்பம்பூவும் மல்லிகையும் ஒரே கூடையில் இருந்தால் எப்படி மணக்குமோ அப்படி மணக்கும். போன வருஷம் தங்கை டிக்கெட் எடுத்துக் கூப்பிட்டபோதுதான் முதல்முதலாகக் குடித்தேன். வீட்டுக்குப் பின்னால் முள்ளுச்செடியில் கறுப்புக் கறுப்பாக ஒரு பழம் காய்த்திருந்தது. நாலைந்தைப் பறித்து கிளாஸில் நசுக்கினாள். கொஞ்சம் ஜின், இந்தப் பூ சிரப், ஐஸ், சோடா. முதல் வாயில் புளிப்பு பல்லைக் கூசவைத்தது. கடைசியில் பூ வந்தது.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்தச் சுவையை மட்டும் இல்லை. தோட்டத்து நாற்காலியில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ மெஷின் கத்தியது, எழுந்தேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்து, "உக்காருக்கா, அது அதுபாட்டுக்குக் கத்தும்" என்றாள். அவள் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார், காபி போட எழுந்தேன். மறுபடியும் கையைப் பிடித்தாள். "உக்காருக்கா." அவர் தனக்கு வேண்டியதைத் தானே போட்டு எடுத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு தட்டில் முந்திரிப்பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் கிளாஸ் தீரும்வரை என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

அதே மாதிரி ஒரு சாயங்காலம், என் சொந்த வீட்டில், தாம்பரத்தில், என் ஹாலில், தங்கையோடு உட்காரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. அவள் புகுந்த வீட்டுக் கல்யாணத்துக்காக குன்றத்தூரில் வந்து இறங்கியிருந்தாள். கல்யாண வேலைக்கு நடுவில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மறுநாள் விமானம். முந்தின வாரமே பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஜின் நான் எடுத்துட்டு வர்றேன், பழத்த மட்டும் நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். "இது என்னோடது. தொடாதீங்க."

அவர் படத்தைப் பார்த்தார். "பூவெல்லாம் போட்டிருக்கு, லேடீஸ் சரக்கா?" என்று தானே சொல்லி, தானே சிரித்து, டிவி பக்கம் திரும்பிவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்காதவருக்கு நான் ஏன் பதில் சொல்லவேண்டும்?

லண்டன் பழத்துக்குத் தாம்பரத்தில் எங்கே போவது? பெரிய கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. முகர்ந்தால் டப்பா வாசனைதான் வருகிறது. நான் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் ஒரு அம்மா சாக்கை விரித்துக் களாக்காய் விற்றுக்கொண்டிருந்தார். பச்சைக் காய் ஒரு குவியல். பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாகப் பழுத்தது ஒரு சின்னக் குவியல். பழத்தை முழுசாகக் கேட்டேன்.

"ஊறுகாய்க்குன்னா காய வாங்கினு போ. பழம் இன்னாத்துக்கு?" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்ல யார்னா முழுகாம கீறாங்களா?"

"இல்லம்மா, எனக்குத்தான்."

என் நரைமுடியைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்து ஒரு கை கூடவே அள்ளிப் போட்டார். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. இந்த ஊரில் ஒரு பெண் தன் நாக்குக்காகப் புளிப்பு கேட்டால் வயிற்றில் பிள்ளை இருக்கவேண்டும். பிள்ளைக்காக என்றால் நடுராத்திரியில்கூட மாங்காய் தேடிப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி எங்கள் வீட்டில் பல வருஷத்துப் பழக்கம். மதியம் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். ஹாலில் டீபாயை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். நான் சைடிஷ் செய்வேன். நெத்திலி வறுவல், ஈரல், கடைசியில் ஹாலிலிருந்து அவர் குரல் வரும்: "ரெண்டு ஆம்லெட், மொளகு தூக்கலா!" என் நெத்திலி வறுவலை அவர்கள் மெச்சாத நாளில்லை. அதை வறுக்கும் கை குடும்பப் பெண்ணின் கை. அதே கை கிளாஸைத் தொட்டால் மட்டும் குடும்பம் கெட்டுப்போகும்.

"இந்த ஒரு வாரம் வேணாங்க, தங்கச்சி வர்றா" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அவ சாயங்காலம்தானே வர்றா? இவனுங்க மூணு மணிக்கெல்லாம் கெளம்பிடுவானுங்க" என்றார்.

சரி என்று அடுப்பைப் பங்கு போட்டேன். ஒரு பக்கம் அவர்களுடைய நெத்திலி, ஒரு பக்கம் என் களாப்பழம். களாப்பழத்தில் பால் பிசுபிசுக்கும், தண்ணீரில் அலசி அலசித்தான் போகும். அலசி, கீறி, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு, மத்தால் மசித்துத் துணியில் வடிகட்டினேன். கிண்ணத்தில் இறங்கிய சாறு அரக்குச் சிவப்பு. விரலில் தொட்டு நக்கினேன், கண்ணை இறுக மூடவைக்கிற புளிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு சமையலறையில் எனக்குப் பாட்டு வந்தது.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஹாலில் இருக்கிறது, சமையலறையில் அதற்கு இடமில்லை. அதனால் அதை யார் திறக்கிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது தட்டு நெத்திலியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். டீபாய் நடுவில் என் பாட்டில் காலியாக நின்றது.

"சிஸ்டர், லண்டன் சரக்குன்னா லண்டன் சரக்குதான்!" என்றார் மூத்த நண்பர். "இன்னா வாசன! ரெண்டாவது ரவுண்டுலயே ஆளத் தூக்கிருச்சு."

"ஆமா அண்ணி" என்றார் இளையவர், தலையைப் பிடித்துக்கொண்டு. "தல கிர்ருனு சுத்திக்கினு கீது. ஆனா நம்ம ஊரு சரக்கு மாதிரி நெஞ்சு எரியல பாருங்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நெத்திலியைப் பார்த்தார். "ஃபாரின் பாட்டில எப்ப ஒடைப்பேன்னு வந்ததுலேந்து நச்சரிச்சிக்கிட்டே இருந்தானுங்க. என்னோடது பையன் கல்யாணத்துக்குல்ல? அதான் ஒன்னோடத..."

தன்னுடையதைப் பூட்டி வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். தெரியாமல் இல்லை. என்னுடையது என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். அவர்கள் என் பாட்டிலைக் குடிப்பதற்குத் தொட்டுக்கொள்ள நானே உள்ளே நின்று நெத்திலி வறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், பாட்டுப் பாடிக்கொண்டு. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி உடம்பெல்லாம் பொரிந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்கு பிய்த்துத்தான் போடும், சோடா ஊற்றிக் குடித்துவிட்டு ஏப்பம் விடாது.

"அது சரக்கு இல்லீங்க" என்றேன். "சர்பத். பூவச் சர்க்கரைத் தண்ணியில ஊறப்போட்டது. நம்ம நன்னாரி மாதிரி. அதுல ஒரு சொட்டு சரக்கு கெடையாது."

இளையவர் தலையிலிருந்த கையை மெதுவாக இறக்கினார். வேறு ஒரு நாளாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்கு ஒரு துளி சிரிப்பு வரவில்லை. தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். மூத்தவருக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் வீட்டுக்காரர் என்மேல் பாய்ந்தார். "இப்பிடியா நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்குவ? காதோட காதா சொல்லியிருக்கலாம்ல?"

"என் பாட்டில்?"

"ஒரு சர்பத்துக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? தி.நகர்ல கெடைக்கும், வாங்கித் தர்றேன் விடு."

கால் மணி நேரத்துக்கு முன்னால் அது லண்டன் சரக்கு, ஆளைத் தூக்கும் சரக்கு. என்னுடையது என்றதும் ஒரு சர்பத்தாகிவிட்டது.

பாட்டிலைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். கை தானாகக் குழாயைத் திறந்தது. ஷாம்பு தீர்ந்தாலும், தேன் தீர்ந்தாலும் நாங்கள் அப்படித்தான், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி அடியில் ஒட்டியதை எடுத்துவிடுவோம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு குழம்புச் சட்டியை அலசி என் சோற்றில் ஊற்றிக்கொண்டது எத்தனையோ தடவை. பாட்டில் வாயைக் குழாய்க்குக் கீழே கொண்டுபோனவள் நிறுத்தினேன். கழுவின தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். குழாயை மூடிவிட்டு, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய் அவர் முன்னால் டீபாயில் வைத்தேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சாயங்காலம் தங்கை வந்தாள். கைப்பையில் துண்டு சுற்றிய ஜின் பாட்டில், முகமெல்லாம் சிரிப்பு. டீபாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தெரியாம நடந்துபோச்சும்மா, பசங்க குடிச்சிட்டானுங்க" என்றார் அவர், ஐம்பது தாண்டிய பசங்களைப் பற்றி.

"பரவால்ல மாமா, சர்பத்துதானே" என்றாள் தங்கை.

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. சொல்லப்போனால் அவள்மேல்தான் அதிகமாக வந்தது. அந்த ஊரில் என் கையைப் பிடித்து உட்காரவைத்தவள், என் வாசலைத் தாண்டியதும் 'பரவால்ல மாமா' ஆகிவிட்டாள். கூடவே சமையலறைக்கும் வந்து, "என்னக்கா செய்யணும்?" என்றாள். "ஒண்ணும் செய்யவேணாம். போய் சோபாவுல உக்காரு" என்று விரட்டினேன்.

அவர் நண்பர்களுக்கென்று எடுத்து வைக்கும் நல்ல கிளாஸ்கள் இரண்டைத் தேய்த்துக் கழுவினேன். ஐஸ், ஜின், களாச்சாறு, சோடா. ஹாலுக்குக் கொண்டுபோய் தங்கையிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடித்தேன். புளிப்பு வந்தது, ஜின் வந்தது. பூ வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. சிவப்பாக, கூர்மையாக, பல்லைக் கூசவைக்கும் புளிப்பு மட்டும்தான்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். "ஹால்ல உக்காந்தா குடிப்பாங்க? பக்கத்து வீட்டுல பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

"தெறந்தே இருக்கட்டும்" என்றேன். "இத்தன வருஷமா பக்கத்து வீடு எங்க போயிருந்துச்சு?"

அவர் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார். நான் இன்னொரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"என்னங்க, ரெண்டு ஆம்லெட் போட்டுக் கொண்டாங்க. மொளகு தூக்கலா."

முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். தங்கையைப் பார்த்தார், அவள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன், நான் போடமாட்டேனா?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பாத்திரம் உருண்டது. ஒரு முட்டை தரையில் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

"உப்பு எங்க இருக்கு?"

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உப்பு ஜாடி அடுப்புக்கு வலதுபக்கம்தான் இருக்கிறது. ஒரு நாளும் இடம் மாறினதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

"கேக்குதா? உப்பு எங்க?"

தங்கை கிளாஸைக் கீழே வைத்தாள். "இருங்க மாமா, நானே போட்டுர்றேன்" என்று எழுந்தாள். லண்டனில் ஒரு நாளும் அப்படி எழுந்தவள் இல்லை.

அவள் கையை எட்டிப் பிடித்தேன். வளையல் அழுந்தும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருடி" என்றேன்.