கோடரிக்காரியின் நிறம்

நான் ஆன்லைன் கேம் ஆடுகிறேன் என்று சொன்னால் கம்பெனி லைனில் என்னோடு நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முப்பதைத் தாண்டிய பொம்பளை, ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்களை அளந்து பார்க்கிறவள், வார லீவு அன்றைக்கு மத்தியானம் முழுக்க ஃபோனில் கோடரி வீசிக்கொண்டிருந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சீரியலில் யாரோ யாரையோ விட்டுப் போனதற்கு அவர்கள் அழுகிறார்களே, நான் ஏதாவது கேட்டேனா?

கேமில் என் ஆள் ஒரு கோடரிக்காரி. அந்த விளையாட்டில் ஆளை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். நிறம், நெற்றி, மூக்கு, பல் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு வரும், விரலால் இப்படியும் அப்படியும் தள்ளலாம். எல்லாரும் நிறத்தை வெள்ளைப் பக்கம் தள்ளுவார்கள். நான் கறுப்புப் பக்கம் தள்ளினேன். அகல நெற்றி வைத்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஏதோ விளையாட்டாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கம்பெனி விட்டு ஸ்கூட்டியில் வந்தவளை ஹைவேயில் லாரி அடித்துப் போட்டது. அவள் ஒரு சண்டைக்காரி. பாகலூர் ரோட்டில் மீதிச் சில்லறை தராத கண்டக்டரைப் பஸ்ஸோடு நிறுத்தி, பெட்டிக்கடையில் போய் மாற்றிக்கொண்டு வர வைத்தவள். அவளிடம் ஒரு கோடரி மட்டும்தான் இல்லாமல் இருந்தது. அதை நான் கொடுத்தேன்.

அக்காவின் ஃபோட்டோ எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, எதிலும் அக்கா இல்லை. ஃபோனில் முகத்தை வெளுக்கிற பியூட்டி ஃபில்டர் போடாமல் அவள் படமே எடுத்துக்கொள்ள மாட்டாள். கம்பெனி அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவில் எடுத்தது, அங்கேயும் வெளுத்துத்தான் கொடுத்தார்கள். இது போதாதென்று அந்த பேனர். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், உடம்பு வீடு வந்து சேர்வதற்குள் ரோட்டு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றுவிடும். அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த வண்டியில் நானும் இருந்தேன். முனையில் வண்டி திரும்பியபோது பேனரில் ஒரு சிவப்புப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரில் வேறு யாரோ கூடச் செத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கீழே பெயரைப் படித்தேன். அதே படத்தைத்தான் ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். அம்மா தினமும் அதற்குத்தான் பூ வைக்கிறாள். அந்த நாளிலிருந்து ஃபிளெக்ஸ் கடைக்காரன் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் நிறத்தில் அக்கா இருந்த ஒரே இடம் என் ஃபோனில் அந்த கேம்தான். அதுவும் யாருக்கோ பொறுக்கவில்லை. போன மாம்பழ சீசனில் கேம் கம்பெனி ஓர் அறிவிப்பு போட்டது. ஆடுகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம், மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம், இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றியாம். நன்றியை எடுத்துக்கொண்டு போய் உடைப்பில் போடச் சொல்லுங்கள். ஒரு முறை செத்தவளை இன்னொரு முறை தூக்கிக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. மூடுவதற்குள் அவளை ஒரு படமாக வரைந்து வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தேன். என் ஃபோன் ஓட்டை ஃபோன், பெரிசாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. மனுஷக் கை ஒன்று உட்கார்ந்து வரைய வேண்டும். கேம் ஆடும் பையன்கள் எங்கெங்கோ இருக்கும் ஓவியர்களிடம் ஆன்லைனில் சொல்லி வாங்குகிறார்கள். என்னால் முடியாது. என் அக்காவின் முகத்தை வரைகிறவன் என் கண்ணுக்கு எதிரில் இருக்க வேண்டும், தப்பாக வரைந்தால் அவனை நான் நேரில் திட்ட வேண்டும். அதனால் எந்த மாதிரிக் கடையைக் கண்டால் எனக்கு ஆகாதோ அந்த மாதிரி ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குத்தான், ராயக்கோட்டை ரோட்டில், போய் நின்றேன். அங்கே டிசைனர் ஒருவன் கம்ப்யூட்டரில் பேனா வைத்துக் கையாலேயே நன்றாக வரைவான் என்று சொன்னார்கள்.

வரையத்தான் செய்தான். அந்தக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கிரீன்ஷாட்டுகளை எல்லாம் கொடுத்தேன். நிறம் இதுதான், பல் இப்படித்தான், தழும்பு இங்கேதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோடரியைத் தோளில் சாய்த்து நிற்கிற மாதிரி வேண்டும் என்றேன். "எல்லாம் ஓக்கே மேடம், நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். யாருடைய படம் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அதற்கப்புறம் போகும்போதெல்லாம் கல்யாண பேனர் என்றான், மஞ்சள் நீராட்டு பேனர் என்றான், கட்சிக்காரர் பிறந்தநாள் என்றான். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டே வந்தது. நான் போய்க் கத்திவிட்டு வந்த பிறகுதான் கையை வைத்தான்.

படம் ரெடி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். டீ பிரேக்கில் திறந்து பார்த்தேன்.

பேனரில் இருந்த அதே பெண் மறுபடியும் வந்து நின்றாள். பால் நிறம், ரோஸ் உதடு, பல்லில் சந்து இல்லை, புருவத்தில் தழும்பு இல்லை. காதில் பெரிய ஜிமிக்கி. கோடரியைக் காணோம், அந்த இடத்தில் கல் பதித்த கத்தி. மஞ்சள் நீராட்டுக்கு வைக்கிற பேனரில் பெண்ணின் தலையை ஒட்டுவதற்கு என்று ஒரு ராணி உடம்பு ரெடியாக வைத்திருப்பார்கள், அந்த உடம்பின் நகையெல்லாம் அப்படியே இதில் இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு கடைக்குப் போனேன்.

"இது யாருங்க?" என்றேன்.

"உங்க கேம் பொம்ம தான் மேடம். சூப்பரா வந்துருக்குதுல்ல?"

"நான் குடுத்தது கறுப்புப் பொண்ணு. இவ யாரு?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முகம் என்று ஒன்று வந்தால் முதல் வேலையாக அதை வெளுத்துவிட்டுத்தான் அந்தக் கடையில் மற்ற வேலையே. கல்யாணப் பெண்ணோ, கவுன்சிலரோ, காதுகுத்துக் குழந்தையோ, பிணமோ, அவன் கை தானாகப் போய் வெளுத்துவிடும். யாரும் அவனிடம் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் செய்ததற்கு இதுவரை யாரும் அவனைத் திட்டியதும் இல்லையாம்.

"இல்ல மேடம், டல்லா இருந்தா பிரிண்ட்ல இன்னும் இருட்டா வந்துரும். அப்பறம் நீங்க தான் வந்து கேப்பீங்க. பொம்ம தானே, கொஞ்சம் கலரா இருந்தா இன்னா?"

"கோடரி எங்க?"

"லேடீஸ் கையில கோடரி நல்லாவா இருக்கும்? அதான் கத்தி வெச்சேன், ரிச்சா இருக்குது பாருங்க."

"உன் ரிச்ச நீயே வெச்சிக்கோ. நான் கேட்டத நீ போடு. ஒக்காந்து போடு, நான் இங்கயே நிக்கறேன்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தான். நான் அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். ஒரு சொட்டு கறுப்பைக் கூட்டுவான், போதுமா என்று திரும்பிப் பார்ப்பான். போதாது என்பேன். இன்னும் ஒரு சொட்டு. காசை வாங்கிக்கொண்டு எனக்கே பிச்சை போடுகிற தோரணை. அப்போது பின்னால் மெஷின் ஓட்டுகிறவனிடம் கன்னடத்தில், "தும்பா கப்பு, நோடோக்காகல்ல" என்றான். ரொம்பக் கறுப்பு, பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். ஓசூரில் இருந்துகொண்டு எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்தானே, அவன் புத்தியை என்னவென்று சொல்வது.

"நோடு, ஆகத்தே" என்றேன். பாரு, முடியும்.

மெஷின்காரன் குனிந்துகொண்டு சிரித்தான். டிசைனர் திரையை விட்டுத் திரும்பாமல் வேலையைப் பார்த்தான். நிறம் வந்தது, சந்து வந்தது, தழும்பு வந்தது, கோடரி தோளுக்கு ஏறியது. ஜிமிக்கியை நானே விரல் நீட்டிக் கழற்ற வைத்தேன். கடைசியில் உதட்டோரத்தை ஒரு இழை மேலே தூக்கச் சொன்னேன். யாரையாவது திட்டுவதற்கு முன் அக்கா அப்படித்தான் வைத்துக்கொள்வாள். அவன் தூக்கினான். அவன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று, பிரிண்ட் எப்போது கிடைக்கும் என்று அதட்டினேன்.

சொன்ன நாளில் கேமை மூடிவிட்டார்கள். திறந்தால் நன்றி என்று ஒரு வரி மட்டும் வந்தது. நான் ஃபோனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். அடுத்த லீவில் கேன்வாஸ் பிரிண்டை எடுத்துக்கொண்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, சாமல்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போனேன். சுவரில் இருக்கும் அந்த வெள்ளைக்காரியைக் கழற்றிவிட்டு இதை மாட்டப் போகிறேன் என்று ஒரே முடிவு. அம்மா பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுவாள் என்று பஸ்ஸில் நானாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அம்மா மாம்பழக் கூழ் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பேப்பரைப் பிரித்துப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். கோடரியை அவள் பார்க்கவே இல்லை. பல்லைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"இத இங்க மாட்டாத" என்றாள்.

"ஏன்? அக்கா தானே?"

"அவ தான். அதனால தான் சொல்றேன். எடுத்துகினு போயிடு."

"அப்ப அங்க மாட்டியிருக்கறது யாரு? எவனோ ஃபிளெக்ஸ் கடக்காரன் வெளுத்துப் போட்டான். அதுக்கு நீ தெனமும் பூ வெச்சிகினு இருக்கற."

"அவன் ஒண்ணும் போடல. நான் தான் போடச் சொன்னேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மா கீழே உட்கார்ந்துகொண்டாள். குரலில் அழுகையே இல்லை, கோபம்தான் இருந்தது.

"பேனர் பசங்க போட்டோ கேட்டு வந்தாங்க. அவளுதுல நல்லா செவப்பா இருக்கறது ஒண்ணு எடுத்து குடுத்து, இன்னும் செவப்பா போடுங்கடான்னு சொன்னேன். பொண்ணு பாக்க வந்தவன் ஒவ்வொருத்தனும் காப்பிய குடிச்சிட்டு, நெறம் கம்மின்னு சொல்லிகினு எழுந்து போனான். தெருவுல கறுப்பின்னாங்க. உங்கப்பனும் தான் சொன்னான். கடைசியா ஊர விட்டு போறப்பயாச்சும் ஒரு நாயும் அந்த வார்த்தைய சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். நீ இன்னாத்துக்கு அவள மறுபடியும் கறுப்பியாக்கி இழுத்தாந்து நிறுத்தற?"

இத்தனை வருஷமாக எவனோ முகம் தெரியாத கடைக்காரனை நான் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். அக்கா இன்னும் வண்டியில் வந்துகொண்டிருந்தபோது, மாரில் அடித்துக்கொண்டு அழுத வாயாலேயே என் அம்மா நிறம் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் பரிதாபம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனவர்களையும், தெருவையும், அப்பாவையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாற்ற வேண்டியது என்று அவள் பார்த்தது என் அக்காவின் முகத்தைத்தான்.

"அவ அப்புடித்தாம்மா இருந்தா" என்றேன்.

"இருந்தா. இருந்து இன்னா பாத்தா?" என்றாள் அம்மா.

நான் படத்தைப் பேப்பரில் சுற்றினேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் வயிற்றோடு போகாதே, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். தட்டைப் பிடித்துக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தாள்.

"உள்ள செவப்பா ஒரு பொண்ணு இருக்கறாளே, அவளுக்குப் போடு" என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.