வீட்டில் கட்டுகிற புடவை

“பட்டு வேணாம், நகை வேணாம். வீட்டுல சாதாரணமா எப்பிடி இருப்பீங்களோ அப்பிடி வாங்க, போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார் போட்டோக்காரர் பெர்னார்ட். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். காந்தா வீட்டில் எப்படி இருப்பாள் என்று தொம்மலூருக்கு வந்து பார்த்தாரா? மாற்றி மாற்றிக் கட்ட இரண்டே புடவை. ஒன்றில் முதுகுப் பக்கம் ஒட்டு, இன்னொன்றில் அடுப்புக்கரி. நல்லது என்று பெட்டியில் இருந்தது கல்யாணப் பட்டு ஒன்றுதான். அதைத்தான் வேண்டாம் என்றுவிட்டார்.

காந்தாவின் அப்பா கண்டோன்மென்டில் பட்டாளத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். நாற்பத்தேழில் வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது அவர் வேலையும் கூடவே போயிற்று. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊதுவத்தி உருட்ட உட்கார்ந்தாள் காந்தா. ஏழு வருஷம் உருட்டிப் பழகிய விரல்களைப் பார்த்துத்தான் ரேடியோத் தொழிற்சாலையில் அவளை எடுத்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் மயிரிழைக் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை. அவள் கை பட்ட பெட்டி பழுதென்று திரும்பி வந்ததில்லை. அந்த கர்வம் அவளுக்கு உண்டு, இருந்தால்தான் என்ன?

இது அறுபதாம் வருஷம். புது ரேடியோவோடு பெட்டிக்குப் பெட்டி ஒரு விளக்கத்தாள் போகப்போகிறது. அதன் முகப்பில், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண் ரேடியோ கேட்கிற படம். வெளியாள் எதற்கு, நம் பெண்களில் ஒருத்தியையே போடலாம் என்றார் மேனேஜர். வேலையில் முந்தி நிற்பவர்கள் என்று இரண்டு பேரைச் சொன்னார். ஒருத்தி காந்தா. இன்னொருத்தி பக்கத்து மேஜை ருக்கு. இருவரில் யார் என்பது பெர்னார்ட் பாடு.

காந்தாவுக்கு அந்த நாற்காலி வேண்டும். ஆறு வருஷமாகப் பெட்டிக்குள் அவள் செய்ததை எந்த வீட்டில் யார் திறந்து பார்த்தார்கள்? முகமாவது வெளியே தெரியட்டுமே.

ஆனால் ருக்கு இருக்கிறாளே! மல்லேஸ்வரத்துக்காரி. தொழிற்சாலைக்குள் எல்லோரும் ஒரே காக்கி மேலங்கி, வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் காந்தாவின் வயிறு எரியும். ருக்கு கட்டுவது வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் பூப்போட்ட புடவை. துவைத்துத் துவைத்து மெத்தென்று உடம்போடு ஒட்டிக் கிடக்கும். சாயம் கொஞ்சம் மங்கியிருக்கும், கிழிசல் இருக்காது. மெனக்கெடாமலே அழகாயிருக்கிறாளே பாவி, அதைத்தான் காந்தாவால் தாங்க முடியவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே, ‘இவள் காலில் ஒரு முள்ளாவது குத்தாதா’ என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டைக்குப் போய் அதே மாதிரி வாயில் புடவை ஒன்று வாங்கினாள். கருநீலத்தில் வெள்ளைப் பூ. பிரித்துக் கட்டிப் பார்த்தால், கடைக் கஞ்சியில் மொடமொடவென்று நிற்கிறது. பார்த்தவுடனே தெரிந்துவிடும், போட்டோவுக்கென்று வாங்கியது என்று. சலவைச் சோடாவில் ஊறப்போட்டாள். கல்லில் அடித்தாள், வெயிலில் போட்டாள், மறுபடி ஊறவைத்தாள். நாலு நாள் இதே வேலை.

பங்களாத் தோட்டத்தில் வேலை முடித்து வந்த புருஷன் பெருமாள்சாமி வாயைப் பிளந்தான். “இன்னாமே, புதுப் பொடவையைப் போயி இந்த அடி அடிக்கிற? பிசாசு கிசாசு புடிச்சுதா?”

“உனுக்கு இன்னா தெரியும்யா? வீட்டுல கட்டுற பொடவை மாதிரி இருக்கணும்.”

“அப்போ வீட்டுல கட்டுறதையே கட்டிக்கினு போயேன்!”

அவனிடம் என்ன பேசுவது? இன்னும் ஓங்கி அடித்தாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் நாற்காலி, மேஜை, ரேடியோ எல்லாம் தயார். இருவரும் வந்து நின்றார்கள். பெர்னார்ட் காந்தாவை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. “ஆஹா, இதுதான் வேணும்! பிரமாதம்!”

காந்தா நாற்காலியைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“ருக்மிணி மேடம், நீங்க நாற்காலில உட்காருங்க. காந்தா, நீ காப்பித் தட்டை எடுத்துக்கிட்டுப் பின்னால வந்து நில்லு. வேலைக்காரின்னா அசல் வேலைக்காரி, அப்பிடியே பொருந்துது.”

அட கடவுளே. நாலு நாள் அடித்த அடி கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ? காந்தா தலையைக் குனிந்து புடவையைப் பார்த்தாள். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கண் கலங்கிவிட்டது. ருக்கு அதைக் கவனித்துவிட்டாள்.

“அஞ்சு நிமிஷம் இருங்கோ சார்” என்று காந்தாவின் கையைப் பிடித்துத் துணி மாற்றும் அறைக்கு இழுத்துப் போனாள். “அழாதேடி. புடவையை மாத்திக்கலாம். என்னுதை நீ கட்டிக்கோ.” கொசுவத்தை உருவிக்கொண்டே சொன்னாள், “ஆத்துல மட்டும் யார்ட்டயும் சொல்லமாட்டேன். உன்னுதைக் கட்டிண்டேன்னு அம்மாக்குத் தெரிஞ்சா தலையோட குளிக்கச் சொல்லுவா.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். காந்தாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தப் புடவை மேலே பட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. எத்தனை சாயங்காலம் இதைப் பார்த்துப் பொருமியிருப்பாள்! நிமிர்ந்து நடந்தாள். நேரே போய் நாற்காலியின் பக்கத்தில் நின்றாள்.

பெர்னார்ட் திரும்பிப் பார்த்தார். ருக்குவின் மேல் இருந்த வெளுத்த புடவையைப் பார்த்தார். “ஓ, மாத்திக்கிட்டீங்களா? பரவால்ல மேடம், நீங்க எதைக் கட்டினாலும் பாந்தமா இருக்கு. உட்காருங்க. காந்தா, தட்டு எங்க?”

ருக்கு, “சார், காந்தா உட்காரட்டுமே” என்று மெல்லிய குரலில் சொன்னாள். “அது சரியா வராது மேடம்” என்றார் அவர், விளக்கைத் திருப்பிக்கொண்டே. ஏன் வராது என்று ருக்கு கேட்கவில்லை. ஒரு கணம் தயங்கினாள், பிறகு உட்கார்ந்தாள்.

“அந்த ரேடியோவைப் பத்தவச்சது நான்” என்றாள் காந்தா. “காப்பி கொண்டாந்து நிக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்க.” ருக்குவின் புடவைமேல் காக்கி அங்கியை மாட்டிக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டாள். பின்னால் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

மறுமாதம் விளக்கத்தாள் அச்சாகி வந்தது. கறுப்பு வெள்ளைப் படம், ருக்கு தனியாக உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் பாட்டுக் கேட்கிறாள். காந்தா ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் போட்டாள். பெருமாள்சாமி எடுத்துப் பார்த்தான். தெருவெல்லாம் ‘எம் பொண்டாட்டி போட்டோ வருது’ என்று சொல்லிவைத்தவன் அவன்.

“இந்தப் பூவு... இது உம் பொடவைதானேமே? நீ கல்லுல அடிச்சியே?”

“ஆமா.”

“அப்போ நீ எங்க?”

காந்தா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“இத்தினி வருசமா அவ பொடவையைப் பாத்து வயிறெரிஞ்சேன்யா” என்றாள். “பொடவை மட்டுந்தான்னு நெனச்ச வரிக்கும் நல்லாத்தான் இருந்தேன். பொடவைன்னா வாங்கிக்கலாம்.”