பழசாக்கும் வேலை

அந்தப் பட்டறையை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அழுகின முட்டை வாடை. சுண்ணாம்பையும் கந்தகத்தையும் தண்ணீரில் கொதிக்க வைத்தால் செம்மஞ்சளாக ஒரு சாறு இறங்கும். புதிதாக அடித்த செம்புக் காசை அதில் முக்கினால் பளபளப்பு செத்துக் கறுத்துப்போகும். பிறகு புளியும் மணலும் போட்ட டிரம்மில் உருட்டி, காசின் புடைப்பை மழுங்கடித்து, ஆட்டுப் புழுக்கை கலந்த கரிசல் மண்ணில் புதைப்போம். தோண்டி எடுக்கும்போது அதற்கு இருநூறு வயதாகியிருக்கும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், கேரளாவில் பரோட்டா அடித்தேன், ஆந்திராவில் செங்கல் சுமந்து முதுகு போனது. ஊர் திரும்பியபோது மழைக்காலம். மழை பெய்தால் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை இருக்காது. அதனால் நாரணாபுரம் ரோட்டில் இருந்த இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். காலண்டர் அட்டையில் எழுத்தைப் புடைக்க வைக்கும் அச்சு வெட்டிய இடம் அது. ஆர்டர் குறைந்ததும் முதலாளி காசுக்கு மாறியிருந்தார்.

ஆரம்பத்தில் வந்த ஆர்டர்கள் யோக்கியமானவைதான். பழைய காசு சேர்ப்பவர்கள், கிடைக்காத காசுக்கு மாதிரி கேட்டார்கள். பின்பக்கம் ‘நகல்’ என்று பொடி எழுத்தில் போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அவர்களே போனில் பேசினார்கள். அந்த எழுத்து கண்ணை உறுத்துகிறதாம், இல்லாமல் அடித்துத் தர முடியுமா என்றார்கள். படித்தவர்கள், இதமாகப் பேசுகிறவர்கள். யாருக்கும் விற்கப்போவதில்லை, நான் பார்க்கத்தான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தான் பார்க்கத்தான் என்றால் அந்த எழுத்து யாருடைய கண்ணை உறுத்தியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு ராமர் காசுக்கு ஆர்டர் வந்தது. ஒரு பக்கம் பட்டாபிஷேகக் கோலம். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் இங்கிலீஷில், கீழே ஒரு வருஷம். வெள்ளைக்காரன் அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அது முதலாளிக்கும் தெரியும்.

“ஏலே, அசலுன்னு ஒண்ணு இருந்தாத்தானே போலி? இதுக்கு அசலே கெடையாது. அப்ப இதுதாம்லே அசலு” என்றார்.

“சாமி படம், அண்ணாச்சி.”

“வெடியில லட்சுமி படத்தச் சுத்தி, திரியக் கிள்ளி, கொளுத்திப் போடுற ஊருலே இது. காசுல போட்டா மட்டும் சாமிக்கு வலிக்குமாக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோறு கிடைக்கிற இடத்தில் சிரிப்பு சுலபமாக வரும்.

அந்த அச்சில் ஒரு விரிசல் விழுந்தது. ராமர் தலைக்கு மேல் பிடித்திருந்த குடையின் நுனியிலிருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழை போல ஒரு கோடு, அடித்த காசிலெல்லாம் எழும்பி வந்தது. முதலாளி அச்சை மாற்றவில்லை. “பழசுன்னா தழும்பு இருக்கும்லே” என்று ஓட்டினார்.

எம். புதுப்பட்டியில் நான் தங்கியிருந்த அறைக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை. அவருக்கு ஒரே பெண் பிள்ளை, அப்போதுதான் பல் விழ ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் ஒரு கம்பெனியில் அறை வெடித்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்து அலறும். அக்கா அதற்குக் கையால் சோறு பிசைந்து தர மாட்டார். என்ன தேய்த்துக் கழுவினாலும் கையில் கந்தக வாடை போகாது என்று கரண்டியால்தான் ஊட்டுவார்.

ஒருநாள் காலையில் குழாயடியிலிருந்து குடத்தோடு வருகிறேன். வாசலில் அக்கா பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். டம்ளருக்குள்ளே, அடியில் ஒரு காசு கிடந்தது.

“என்னக்கா அது?”

“ராமர் காசு, தம்பி. வெம்பக்கோட்டையில மண்ணு தோண்டயில கெடச்சதாம். திருவிழாவுல ஒருத்தர் கொண்டாந்தாரு. எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணியில ராவெல்லாம் ஊறப்போட்டு வெள்ளன குடுத்தா பயம் தெளியும்னாரு. பகல்ல ஈர மஞ்சத் துணியில சுத்தி வைக்கணும்.”

“தெளிஞ்சிருக்கா?”

“சோறு வயித்துல தங்க மாட்டேங்கு. குடிச்ச ஒடனே கொமட்டுது. உள்ள இருக்குற பயம் வெளிய வருதுன்னாரு.”

காசை எடுத்துப் பார்த்தேன். குடையிலிருந்து விளிம்புக்கு அதே கோடு.

“அக்கா, இது நாங்க செஞ்சது.”

“ஆமா, ராமருக்குப் பட்டாபிஷேகமே நீங்கதான செஞ்சு வச்சீக” என்று சிரித்தார்.

மறுநாள் காலையில், பட்டறையிலிருந்து ஒரு கை காசு கொண்டுவந்து அவர் வீட்டுத் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

“அம்புட்டும் ஒரே பானையில கெடச்சிருக்கும். அப்ப ஒண்ணுபோலத்தான இருக்கும்?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு காசை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினேன். “மோந்து பாருங்க. கந்தகம்.”

“எனக்கு எதுல வாடை தெரியுது, தம்பி? தின்னுற சோத்துலயே கந்தகந்தான் அடிக்கி.”

வேறு எந்த ஊரிலும் அந்தத் தண்ணீரை வாய்க்கு அருகில் கொண்டுபோகும்போதே தூக்கி எறிந்திருப்பார்கள். இங்கே பெற்றவளுக்கே மூக்கு மரத்திருந்தது. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளை என் கையிலிருந்த காசை வாங்கி முகர்ந்தது.

“அம்மா வாசம்” என்றது. “அந்தத் தண்ணியும் அம்மா வாசந்தான் அடிக்கும்.”

அக்கா தன் கையைப் பார்த்தார். பிறகு, அன்றைக்குப் புகட்ட வைத்திருந்த டம்ளரை எடுத்துப்போய் வாசலில் கொட்டினார். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

அங்கே நர்ஸம்மா வைத வசவு எனக்கும் சேர்த்துத்தான். செம்புக் களிம்பைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாயே, குடல் என்ன ஆகும் என்று கேட்டாராம். தண்ணீரை நிறுத்தினதும் வாந்தி நின்றது. பிள்ளை சாப்பிட ஆரம்பித்தது. சத்தத்துக்கு அலறுவது மட்டும் அப்படியேதான் இருந்தது.

அதன்பிறகு அக்கா அந்தக் காசை மஞ்சள் துணியோடு கொண்டுவந்து என்னிடம் தந்தார்.

“சாமி படம் இருக்கு, குப்பையில போட முடியாது. வீட்டுலயும் வைக்க முடியாது. செஞ்சவுகளே வச்சிக்கிடுங்க.”

பட்டறையில் பழுதான காசுகளை உருக்கப் போடும் சட்டியில் அதைப் போடக் கொண்டுபோனேன். முதலாளி அதை என் கையிலிருந்து வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் பார்க்கப் போனவர் முகம் போல ஆகிவிட்டது அவர் முகம்.

“களிம்பு எம்புட்டு அழகா உக்காந்திருக்கு பாருலே. நம்ம மண்ணுல இப்பிடி வர மாட்டேங்கே. எங்கன பொதச்ச?”

நடந்தது முழுக்கச் சொன்னேன். பிள்ளை, பயம், எலுமிச்சம்பழம், ஈரத் துணி, வாந்தி எல்லாம். அவர் நாக்கால் உச்சுக்கொட்டினார். காசைத் துண்டால் துடைக்கப் போனவர், களிம்பு போய்விடும் என்று கையை நிறுத்திக்கொண்டார்.

“எலுமிச்சம்பழமா?” என்றார். “ஒரு பழத்துக்கு எம்புட்டுத் தண்ணிலே ஊத்துனாக?”

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் பார்த்தேன். பட்டறை வாசலில் ஒரு கூடை எலுமிச்சம்பழம் இறங்கியிருந்தது.