பெரிய வெள்ளிக்கு நாலு ரோமர்

றீற்றாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ரொறொன்ரோவின் மோர்னிங்சைட்டில் தாய் தவமணியோடு அவள் குடியிருந்த அப்பார்ட்மெண்டில், தொலைபேசியில் பேசும்போதுகூட வயர் எட்டும் தூரம்வரை நடந்து நடந்துதான் பேசுவாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை முறைப்பாடு செய்துவிட்டார்.

யோர்க் பல்கலைக்கழகத்தில் கொம்பியூட்டர் படிக்கப் போனவள் அவள். முதல் வருடம் நேர அட்டவணையில் ஓர் ஓட்டை விழுந்தது. அதை நிரப்ப எடுத்த ரோம வரலாற்று வகுப்பிலிருந்து பிறகு எழும்பவேயில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கோடையில் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து ஆறு மாதம் வேலை தேடினாள். கடைசியில் பிறம்ரனில் கார் உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு வெயார்ஹவுஸில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன் செத்த சிப்பாயின் கல்லறைக் கல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கத் தெரிந்தவள், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கொரோலாக் காருக்கு முன்சில்லு பிரேக் பாட் எங்கே இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். எதற்காகப் படித்தேன் என்ற கேள்வி வேலையாட்களை ஏற்றிப் போகும் வான் வண்டியில் ஏறும்போது அவளோடு ஏறும். வீடு திரும்பும்போது அவளோடு இறங்கும்.

தவமணிக்கு அந்தக் கேள்வி இல்லை. "என்ரை மகள் ரோமாபுரியைப் படிச்சவ" என்று கோயிலில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். அந்த ஒரு வசனம்தான் வினையாக வந்து சேர்ந்தது.

தொண்ணூற்றாறு ஜனவரியில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து, கோயிலின் நிலவறையில் பாஸ்குக் கூட்டம். பெரிய வெள்ளியன்று யேசுவின் பாடுகளைப் பாஸ்கு என்ற கூத்தாக ஆடுவது அந்தக் கூட்டத்தாரின் வழக்கம். வெக்ஸ்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, மத்தளமும் தாளமுமாகப் பாடி ஆடுவார்கள். முந்தின வருடம் ரோமச் சிப்பாய்களுக்குத் தலைக்கவசம் காட்போட் அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். உச்சியில் தூரிகை மாதிரி நிற்கவேண்டிய சிவப்புக் கொண்டை, சிலுவை சுமந்தவர் இரண்டாம் முறை விழுந்த நேரம் பார்த்துக் கழன்று அவருடைய முதுகில் விழுந்தது. சனம் சிரித்தது. சிலுவைக்குக் கீழே கிடந்தவரும் சிரித்துவிட்டார். கூத்தை நடத்தும் அண்ணாவியார் சூசைதாசனால் அந்தச் சிரிப்பை ஒரு வருடமாகியும் மறக்க முடியவில்லை.

"இந்த முறை உண்மையான சாமான் வேணும்" என்றார் சூசைதாசன். "காட்போட் விளையாட்டு இனிச் சரிவராது."

"எங்கை அண்ணை எடுக்கிறது? ரோமிலையோ?" என்று கேட்டான் இக்னேசியஸ். கார் அடிபட்டால் தட்டி நிமிர்த்தும் கடையில் வேலை செய்கிறவன். ரோமச் சிப்பாய்களின் நூற்றுவர் தலைவன் வேடம் எப்போதும் அவனுக்குத்தான். அவன் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வருகிற சனம் உண்டு.

"ஏன், தவமணியின்ரை பிள்ளை உந்த ரோமைத்தானே படிச்சது?" என்றார் சூசைதாசன்.

றீற்றா வாயைத் திறப்பதற்குள் தாய் முந்திக்கொண்டார். "ஓம் அண்ணை, அவ எடுத்துத் தருவா."

காரில் வரும்போது றீற்றா வெடித்தாள். "அம்மா, நான் படிச்சது புத்தகம். கடை விலாசமில்லை."

"நாலு வருசம் படிச்சனி, ஒரு தொப்பி விக்கிற இடம் தெரியாதோ?"

உண்மையில் தெரியாது. அதுதான் அவளை உறுத்தியது. அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்தாள்: பெரிய வெள்ளியன்று மேடையில் உண்மையான ரோமக் கவசம் நிற்கவேண்டும். இந்த ஒன்றுக்காவது படித்தது உதவவேண்டும்.

மறுநாள் மஞ்சள் பக்கங்களைப் புரட்டினாள். நகரத்தின் நடுவில் நாடக உடை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே இருப்பது பிளாஸ்ரிக் மார்புக்கவசம்தான், அதுவும் இப்போது கையிருப்பில் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒவ்வொரு கோயிலும் ரோமரைக் கேட்கும், நவம்பரிலேயே எல்லாம் பதிவாகிப் போய்விடும் என்றாள் கடைக்காரி. ரொறொன்ரோவில் ரோமருக்குத் தட்டுப்பாடு வரும் என்று எந்தப் பேராசிரியரும் றீற்றாவுக்குச் சொல்லவில்லை.

பல்கலைக்கழகக் கணினியில் அவளுடைய கணக்கு இன்னும் மூடப்படாமல் இருந்தது. இன்டர்நெற் குழுவொன்றில் கேள்வியைப் போட்டாள். இங்கிலாந்தில் ஒரு கொல்லன் அருமையாகச் செய்வான் என்று பதில் வந்தது. அவனுக்குத் தொலைநகல் அனுப்பினாள். ஐந்து மாதம் ஆகும் என்றான். அமெரிக்காவில் ஒரு கடை உடனே அனுப்புவதாகச் சொல்லி, மாதிரிக்கு ஒரு தலைக்கவசத்தை அனுப்பியும் வைத்தது. பெட்டியைத் திறந்த தவமணி மகிழ்ந்து போனார். தலையில் வைத்துப் பார்த்தால் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. சுவரில் மாட்டுவதற்குச் செய்த அலங்காரச் சாமான் அது. உள்ளே சின்னதாக ஒரு ஸ்ரிக்கர்: இந்தியாவில் செய்தது.

"எங்கடை நாட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சாமானை ஊர் சுத்தி எடுப்பிச்சிருக்கிறாய்" என்றார் தவமணி.

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, றீற்றா வேலையிடத்து மதிய இடைவேளைகளைத் தொலைபேசிக்கே கொடுத்தாள். வெயார்ஹவுஸில் பழகிய ஒரு கேள்வி இருந்தது. கேட்ட பாகம் இல்லையென்று ஒருவன் சொன்னால் தொலைபேசியை வைக்கக்கூடாது, "உங்களிடம் இல்லாவிட்டால் யாரிடம் இருக்கும்?" என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் உடைக் கடைக்காரி ஒரு சினிமாச் சாமான் கிடங்கைச் சொன்னாள். கிடங்குக்காரன் ஓர் அருங்காட்சியகத்துப் பெண்ணைச் சொன்னான். அந்தப் பெண் ஒஷாவாவில் இருக்கும் கோர்டனைச் சொன்னாள். படிப்பு கண்டுபிடிக்காததைப் பிரேக் பாட் கண்டுபிடித்துவிட்டதே என்று றீற்றாவுக்குச் சந்தோசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

கோர்டன் தொலைபேசிக் கம்பத்தில் ஏறி வேலை செய்து ஓய்வுபெற்றவர். கோடையில் நண்பர்களோடு ரோமப் படையாக உடுத்து, பூங்காக்களில் அணிவகுத்துக் காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வேலிக்கம்பியைக் கோலில் சுற்றி, வளையம் வளையமாக வெட்டி, ஹொக்கி பார்த்துக்கொண்டே கோத்த இரும்புச் சட்டைகள் அவருடைய கராஜில் தொங்கின. தலைக்கவசம், இடுப்புப்பட்டி, ஆணி அடித்த செருப்பு, ஈட்டி என நாலு பேருக்கு முழுச் சாமான் இருந்தது. இரவல் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. போட்டால் முழுக்கப் போடவேண்டும். கையில் மணிக்கூடு, காலில் சப்பாத்து, கண்ணாடி எதுவும் கூடாது. அரைகுறையாகப் போடுவதென்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டு சனிக்கிழமை றீற்றா ஒஷாவாவுக்குப் போய்ப் போடப் பழகினாள். இரும்புச் சட்டையின் பாரம் தோளை அறுக்கும். பட்டியை இறுக்கிக் கட்டி, சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டால் பாதிப் பாரம் இடுப்புக்கு இறங்கும். எத்தனை புத்தகத்தில் பார்த்த பட்டி அது! அது எதற்கென்று இடுப்பில் பாரம் இறங்கியபோதுதான் அவளுக்கு விளங்கியது.

பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் இருக்க, செவ்வாய்க்கிழமை ஒத்திகை. பெட்டியைத் திறந்ததும் சூசைதாசன் இரும்புச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, மீன் பிடிக்கிற வலையோ?"

"கண் சின்னன் அண்ணை. நெத்தலியும் தப்பாது" என்றான் இக்னேசியஸ்.

சிரித்துக்கொண்டேதான் போட்டான். நூற்றுவர் தலைவனும் மூன்று சிப்பாய்களும் வரவுப் பாட்டுக்கு ஆடிக்கொண்டு மேடைக்கு வரவேண்டும். மத்தளம் எழும்பியது. முதல் சுற்றில் இக்னேசியஸின் கால் தாளத்துக்குப் பின்னால் விழுந்தது. இரண்டாம் சுற்றில் அவன் இடப்பக்கம் திரும்ப, மற்றவன் வலப்பக்கம் திரும்ப, இரண்டு தலைக்கவசமும் டாங்கென்று மோதின. கன்னத் தகடு காதை மூடியிருந்தது. உள்ளே இருந்தவனுக்குத் தன் மூச்சுத்தான் கேட்டது.

"தாளம் கேக்கேல்லை அண்ணை! கிணத்துக்கை நிண்டு ஆடுற மாதிரிக் கிடக்கு."

மூன்று மாதம் தேடியவளும், தேடச் சொன்னவர்களும், ஒருவராவது ஆட்டத்தைப் பற்றி யோசிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கொண்டை கழலாத தலைக்கவசத்திலேயே இருந்துவிட்டது.

"தொப்பியைக் கழட்டிப்போட்டு ஆடு" என்றார் சூசைதாசன்.

"அப்பிடிப் போடேலாது அங்கிள். முழுக்கப் போடுறம் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

"அப்ப காட்போட்தான். கொண்டையை வடிவாத் தைச்சு விடுவம். ரோமரில்லாமலும் பாஸ்கு ஆடலாம், ஆட்டமில்லாமல் ஏலாது."

அவர் சொன்னது சரி என்று றீற்றாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் தாங்க முடியவில்லை. மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள், திரும்ப வந்தாள். ரோமருக்காகவா மல்லுக்கு நிற்கிறேன், எனக்காகவா?

"அங்கிள், சிலுவைக்குப் பக்கத்திலை ஒரு காவல் வேணுமே? அவன் ஆடத் தேவையில்லை. நிண்டாப் போதும்."

"நிக்கிறதுக்கு ஆர் இருக்கினம்? வெள்ளிக்கிழமை லீவு கிடைச்ச ஆக்கள் எல்லாம் ஏற்கெனவே வேசத்திலை."

"நான் நிக்கிறன்."

"பொம்பிளைப் பிள்ளையோ?"

"அண்ணை, உந்தத் தொப்பியைப் போட்டால் பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது" என்றான் இக்னேசியஸ். காட்போட் கிடைத்த நிம்மதியில் அவனுக்குத் தாராள மனம். "விடுங்கோ. பிள்ளை இவ்வளவு பாடுபட்டிருக்கு."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. இக்னேசியஸ் காட்போட்டில் பறந்து பறந்து ஆடினான். சிலுவை நட்டபின் றீற்றா ஈட்டியோடு பக்கத்தில் போய் நின்றாள். பாட்டு, ஒப்பாரி எதுவும் சரியாகக் கேட்கவில்லை. கால் நடக்கவேண்டும் என்று துடித்தது, நிற்கவேண்டியிருந்தது. கன்னத் தகடுகளுக்கிடையில் சனத்தின் முகங்கள் மட்டும் தெரிந்தன. மூன்றாம் வரிசையில் தவமணி பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தார். தான் மேடையில் காவல் நிற்பதை றீற்றா அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

யேசு உயிர்விட்டதும் சிப்பாய்கள் உள்ளே போய்விடவேண்டும். மத்தளம் அதற்கான அடியை அடித்தது. றீற்றாவுக்கு அது கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது மேடையில் அவள் மட்டும் நின்றாள். திரைமறைவில் சூசைதாசன் இரண்டு கையாலும் வா வா என்று வீசிக்கொண்டிருந்தார். ஓரடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள். உண்மையான ரோமக் காவலன் போகமாட்டானே! உடலை யாரும் எடுத்துப் போகாமல் காக்கத்தான் காவல். அனுமதி வரும்வரைக்கும் நிற்பான். இது அவளுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அரிமத்தியாவூர் சூசையாக வேடமிட்டவர், உடலை இறக்குவதற்குப் பெண்களோடு வந்தார். இருக்கக்கூடாத ஒரு சிப்பாயைக் கண்டு தடுமாறினார். றீற்றா ஈட்டியைக் குறுக்கே பிடித்து, வெறும் கையை அவர் முன்னால் நீட்டினாள். உடலை எடுக்க ரோம ஆளுநன் பிலாத்து கொடுத்த அனுமதிக் கடிதச்சுருள் நல்லவேளையாக இன்னும் அவருடைய கையில் இருந்தது. பதறிப்போய்க் கொடுத்தார். அவள் அதை விரித்து, அவர் முகத்தைப் பார்த்து, பின் கடிதத்தைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

கவசத்துக்குள் இருந்தே மண்டபம் அடங்கியது அவளுக்குத் தெரிந்தது. குழந்தைகளைத் தாலாட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. முன்வரிசையில் ஒரு வயதானவர் சட்டைப் பையை மெல்லத் தொட்டார். தவமணியின் கை கைப்பைக்குள் போய், எதையோ தேடி, அங்கேயே நின்றது.

றீற்றா சுருளைத் திருப்பிக் கொடுத்து விலகி நின்றாள். எப்படி உள்ளே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

சூசைதாசன் ஓடி வந்தார். "ஆர் பிள்ளை உன்னை நிக்கச் சொன்னது?" என்று தொடங்கியவர், அவளுடைய தலைக்கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அந்தக் கை நீட்டினது! சனம் மூச்சு விடேல்லை, கண்டனியோ? வாற வருசமும் அது இருக்கவேணும். அந்த இடத்துக்கு நான் பாட்டொண்டு கட்டுறன்."

"திரும்பவும் அப்பிடிச் செய்ய வருமோ எண்டு எனக்குத் தெரியாது அங்கிள்" என்றாள்.

உடை மாற்றப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தபோது கதவில் தவமணி நின்றார்.

"நீயோ அது?"

"ஓம் அம்மா."

"இஞ்சை வாறதுக்கு முதல் கொழும்பிலை ரெண்டு மாசம் லொட்ஜிலை இருந்தம், ஞாபகமோ? சந்திக்குச் சந்தி ஆமிக்காரங்கள் மறிச்சவங்கள். உப்பிடித்தான். முகத்தைப் பாப்பான், அட்டையைப் பாப்பான், திரும்ப முகத்தைப் பாப்பான்." தவமணி தன் கையைப் பார்த்தார். "என்ரை கை தானாப் பைக்குள்ளை போயிட்டுது. அடையாள அட்டையை எடுக்க. இஞ்சை வந்து ஏழு வருசம்."

"நான் அதை நினைச்சுச் செய்யேல்லை அம்மா. அது புத்தகத்திலை இருந்தது."

"புத்தகத்திலை கை நீட்டினவன் எண்டு இருந்ததோ?"

றீற்றா யோசித்தாள். காவல் நின்றது புத்தகத்தில் இருந்தது. கை நீட்டியதும், முகத்தை இரண்டு தரம் பார்த்ததும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது பதினேழு வயதில் தாய்க்குப் பின்னால் வரிசையில் நின்று அவள் படித்தது.

"இல்லை" என்றாள்.

தவமணி கிட்ட வந்து பட்டியை அவிழ்க்கத் தொடங்கினார். இரும்புச் சட்டையை இழுத்துக் கழற்ற ஏலாது. குனிந்து, இரண்டு கையையும் தொங்கவிட்டு, உடம்பை உதறவேண்டும் என்று றீற்றா சொன்னாள். குனிந்தாள். முதுகுப் பக்கத்திலிருந்து தாய் பிடித்துத் தள்ளிவிட, சட்டை தலைவழியே வழிந்து சரசரவென்று நிலத்தில் விழுந்தது. நிமிர்ந்தபோது அவளுடைய தோள்கள் தாமாக மேலே எழும்பின. பாரமில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், சின்னக் கதிரைகளுக்கு நடுவே அவள் நடக்கத் தொடங்கினாள்.

"இரு பிள்ளை, கொஞ்சம் இரு" என்றார் தவமணி.

அவளால் இருக்க முடியவில்லை.