மூன்று வடை இரண்டு டாலர்

மூன்று மசால் வடை இரண்டு டாலர் என்று விலை வைத்தது நான் இல்லை, அக்காதான். நான் சொன்னது ஐம்பது சென்ட். "உனக்கென்ன பைத்தியமாம்மா? லெமனேடே ஒன்றரை டாலர். அவ்வளவு வேலை செஞ்சுட்டு அம்பது சென்ட்டுக்கா குடுப்ப? டூ டாலர்ஸ் போடு. தைரியமா போடு" என்று என் கையிலிருந்த ஸ்கெட்ச் பேனாவைப் பிடுங்கி, அட்டையில் அவரே கொட்டை எழுத்தில் எழுதினார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. குபெர்டினோவில் எங்கள் அப்பார்ட்மெண்டிலிருந்து பத்து நிமிட நடையில் சொந்த வீடும் தோட்டமுமாக இருந்த சென்னைக்காரர். ஐம்பது வயதிருக்கும். மற்ற தமிழ்ப் பெண்கள் எல்லாம் அவரை ஆன்ட்டி என்றார்கள். என்னிடம் மட்டும் முதல் மாதத்திலேயே, "என்னை அக்கான்னே கூப்பிடு" என்றார். நான் அதில் விழுந்துவிட்டேன். விழாமல் என்ன செய்வது? 1997-இல் எச்-ஃபோர் விசாவில் கணவரோடு வந்து இறங்கியவள் நான். வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது, கைக்குழந்தை வேறு. எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அக்கா. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடியது அக்கா. அவர் இல்லையென்றால் அந்த ஊரில் எனக்கு நாதி கிடையாது.

அவர் தெருவில் இருந்தவர்கள் சேர்ந்து, வருடத்தில் ஒரு சனிக்கிழமை தங்கள் தோட்டங்களைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து சுற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் வீட்டில் செய்த தின்பண்டமும் குடிக்க ஏதாவதும் விற்பார்கள். வசூலாகிற பணம், அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்கள் தங்கும் இல்லத்துக்குப் போகும். 1999 மே மாதம், அக்கா தோட்டத்தில் மசால் வடையும் இஞ்சி மோரும் நான் போடுகிறேன் என்று வாயைத் திறந்து கேட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு மனதில் ஒரு திட்டம் இருந்தது.

அது என்ன திட்டம் என்று சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் அக்கா என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. காபி கலக்கட்டுமா என்றால், "இப்பதாம்மா குடிச்சேன்." காலையில் வந்தாலும் இப்பதான், மத்தியானம் வந்தாலும் இப்பதான், சாயந்தரம் வந்தாலும் இப்பதான். அந்த அம்மாள் நாளெல்லாம் இப்பதான் காபி குடித்துக்கொண்டே இருந்தார்.

அவர் வீட்டிலிருந்து எனக்கு சாம்பாரும் பொரியலும் வரும், காலித் தயிர் டப்பாவில். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நானும் டப்பாவைக் கழுவித் துடைத்து, முறுக்கோ தேங்காய் பர்பியோ வைத்து எடுத்துப் போவேன். "அய்யோ, அந்த டப்பாவை எல்லாம் தூக்கிப் போடும்மா, எதுக்குத் திருப்பிக் கொண்டு வர்ற? பர்பியா? எங்க வீட்ல யாரும் ஸ்வீட் தொடமாட்டாங்க. குழந்தைக்குக் குடு" என்பார். முறுக்கு கொண்டு போன அன்று, அவர் வீட்டில் யாருக்கும் பல் சரியில்லை.

இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். சேர்த்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பிரித்துப் போட்டுவிட்டேன். அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு பொங்கல் விழாவில். "சொந்த ஊர் எது? விருதுநகர்ப் பக்கமா? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று அக்கா கேட்டார். எந்த ஊரிலும் இல்லாத அதிசயமாக, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துத் தெரு ஒன்று கலிஃபோர்னியாவில் எதற்குத் தேவைப்படுகிறது என்று நான் யோசிக்கவில்லை. என் கணவர் யோசித்தார். நிமிர்ந்து நின்று, "தெரு இல்லைங்க. காலனி" என்றார். அக்கா ஒரு நொடி கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ஓ, வெரி குட், வெரி குட். நல்லாப் படிச்சு மேல வந்திருக்கீங்க" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அக்கா என்ன சாதி என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற அவசரம் எப்போதும் அந்தப் பக்கம்தான்.

ஆகவே என் திட்டம் இதுதான். வீட்டில் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லலாம். பட்டப்பகலில், அவர் தோட்டத்திலேயே, வெள்ளைக்காரர்கள் எல்லாம் வாங்கித் தின்கிற இடத்தில், அவரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுத்தானே ஆக வேண்டும்? ஒரு வடை போதும். அதற்குப் பிறகு நான் அந்த டப்பாக்களைப் பற்றி வாழ்நாளில் நினைக்க மாட்டேன். அவர் எனக்கு அக்காதான் என்று என் கணவரிடம் தலை நிமிர்ந்து சொல்லிவிடுவேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். முதல் ஈடு வேகிறதற்குள் ஸ்மோக் அலாரம் அலற ஆரம்பித்தது. கணவர் ஸ்டூல் மேல் ஏறி, துண்டை வைத்து விசிறிக்கொண்டே நின்றார். நான் மூன்று வடையின் விலையைச் சொன்னபோது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "எண்பது ரூபாய்க்கு மூணு மசால் வடையா! ஊர்ல எங்கம்மா கேட்டா மயங்கி விழுந்துடும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அவங்க இதைத் தொட மாட்டாங்க. சொன்னா கேளு" என்றார்.

"ஆரம்பிச்சாச்சா? உங்களுக்கு எதை எடுத்தாலும் இதே பேச்சுதான். அமெரிக்கா வந்துமா?"

"நாம மட்டுமா வந்தோம்? எல்லாருந்தான் வந்திருக்காங்க, எல்லாத்தையும் மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டு."

"இன்னிக்குச் சாப்பிடுவாங்க பாருங்க."

"சாப்பிட்டா என் மீசையை எடுத்துடறேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு ஒரு வடைகூடக் கொடுக்காமல் இரண்டு ட்ரேயையும் ஃபாயில் போட்டு மூடி, காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். குழந்தையோடு அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அக்கா தோட்டத்தில் அன்று ரோஜா கொட்டிக் கிடந்தது, அதை மறுக்க மாட்டேன். எனக்கு ஒரு மேஜை. எனக்கு எதிரே, புல்வெளிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாளுக்கு ஒரு மேஜை: லெமனேட், சிப்ஸ், எலுமிச்சை கேக். அந்த அம்மாள் நல்ல மனுஷி. கடை விரித்ததும் முதல் ஆளாக வந்து இரண்டு டாலர் போட்டுவிட்டு, வடையைத் தின்று, மிளகாய் கடிபட்டுக் கண்ணில் தண்ணீர் வந்து, மோரைக் குடித்து, மறுபடி வடையைத் தின்றார். என் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்து, நான்கு முட்டை போட்டது, தன் அம்மாவின் முறை என்று பெருமையாகச் சொன்னார். தொப்பி போட்ட ஒரு கிழவர் மூன்று முறை வரிசையில் வந்தார். இரண்டு டாலருக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. அக்கா ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நின்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே, தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோரு மணிக்கு அக்காவின் சிநேகிதிகள் நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் நம்மவர்கள், பட்டுக் கரை போட்ட காட்டன் புடவை, கூலிங்கிளாஸ். நேராக என் மேஜைக்குத்தான் வந்தார்கள். "அட, மசால் வடை! மணம் ரோடு வரைக்கும் வருது" என்றார் முதல் ஆன்ட்டி. நான் அவசரமாகத் தட்டில் மூன்றை எடுத்து வைத்தேன். அவர் பர்ஸைத் திறந்து ஐந்து டாலரை எடுத்து மேஜை மேலிருந்த வசூல் பெட்டியில் போட்டார். மீதியை எடுத்தேன். "வேணாம்மா. டொனேஷனா வெச்சுக்கோ" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். நீட்டிய தட்டு என் கையிலேயே இருந்தது. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது ஆன்ட்டி பத்து டாலர் போட்டார். "டாக்டர் எண்ணெயே கூடாதுன்னுட்டார். ஆனா நல்ல காரியம் இல்லையா, அதான்" என்றார். மூன்றாமவர் ஐந்து. நான்காமவரும் ஐந்து. நான்கு பேரும் சிரித்த முகமாகப் பணம் போட்டார்கள், என் புடவை நன்றாயிருக்கிறது என்றார்கள், போனார்கள். என்ன தாராளம், அடேயப்பா! பெட்டி நிறைகிறது, ட்ரேயில் ஒன்று குறையவில்லை. எனக்கு உறைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று, அதுவும் புல்வெளிக்கு அந்தப் பக்கம் பார்த்த பிறகுதான். நான்கு பேரும் வெள்ளைக்கார அம்மாளின் மேஜை அருகே நின்று கேக் தின்றுகொண்டிருந்தார்கள். நான்கு முட்டை போட்ட கேக். எண்ணெய் கூடாதவர் கை நிறையச் சிப்ஸ் வைத்திருந்தார்.

 அப்போதுதான் அந்த அட்டையைப் பார்த்தேன். மூன்று வடை இரண்டு டாலர். நான் என் திட்டத்தில் இதை யோசிக்கவே இல்லை. விலை என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுத்துவிட்டுத் தின்னாமல் போகலாம்! போகிறவர் தர்மவானாகவும் ஆகலாம்! சும்மா கொடுத்தால்தான் வேண்டும், வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிவரும். அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் "ஃப்ரீ" என்று எழுதினேன்.

தட்டை எடுத்துக்கொண்டு புல்வெளியைக் கடந்து போய், முதல் ஆன்ட்டியிடம் நீட்டினேன். "எடுத்துக்கோங்க ஆன்ட்டி. காசு குடுத்துட்டு எடுக்காம வந்துட்டீங்களே."

"இன்னிக்கு சனிக்கிழமைம்மா. விரதம்" என்றார். உதட்டோரத்தில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது.

அதற்குள் அக்கா என் மேஜையில் அட்டையைப் பார்த்துவிட்டார். வேகமாக என்னை நோக்கி வந்தார். "என்னம்மா இது? சாரிட்டி ஈவண்ட்ல ஃப்ரீன்னு போட்டா எப்படி? பாவம், அந்த ஷெல்டர்ல இருக்கிற பொம்பளைங்களுக்குப் போற காசு. ஏன் இப்படிப் பண்ற?"

"நீங்க ஒண்ணு சாப்பிடுங்கக்கா. மறுபடி விலை போட்டுடறேன்" என்றேன்.

நான்கு ஆன்ட்டிகளும் செடிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். புல்வெளியைக் கடந்து என் மேஜைக்கு நடந்தார். நானும் தட்டோடு பின்னாலேயே போனேன். கைப்பையைத் திறந்து இருபது டாலர் நோட்டு ஒன்றை எடுத்து, மடித்து, பெட்டிக்குள் போட்டார்.

"காசு வேணாம்க்கா" என்றேன். என் குரல் உடைந்தது எனக்கே கேட்டது. "ஒரு கடி. ஒரே ஒரு கடி போதும். எனக்காக."

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் கொடுமை. குழந்தை எதற்கு அழுகிறது என்று தெரியாத அம்மா மாதிரி என்னை அவ்வளவு கனிவாகப் பார்த்தார். "நான்தான் காசு போட்டுட்டேனேம்மா" என்றார். "இன்னும் என்ன வேணும் உனக்கு?"

என்ன வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. வாசல் பக்கம் புதிதாக ஒரு கூட்டம் உள்ளே வந்தது. திங்கட்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி, எங்களுக்கு இருந்த ஒரே காரில் கணவர் வேலைக்குப் போய்விடுவார், அக்காதான் கூட்டிப்போவதாக இருந்தார். அக்கா என் தோளைத் தட்டி, "நிறையப் பேர் வர்றாங்க பாரு. வேற ட்ரே இருக்கா?" என்று கேட்டார்.

"கார்ல இருக்குக்கா" என்றேன். போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயந்தரம், அந்தத் தெருவிலேயே எங்கள் தோட்டத்தில்தான் வசூல் அதிகம் என்று அக்கா போன் செய்து சந்தோஷப்பட்டார். அவரையும் அந்த நான்கு பேரையும் நான் திட்டித் தீர்த்துவிட்டேன், இத்தனை வருடத்தில் மனதுக்குள் எத்தனையோ தடவை. அவர் அந்த வடையைத் தொடாதது எனக்கு ஆறிவிட்டது. "இருக்குக்கா" என்று நான் சொன்னதுதான் ஆறவில்லை.