முகூர்த்த நேரத்தில் ஒரு கெட்டில்

போன தை மாதம் ஒரு புதன்கிழமை மதியம், மெல்பர்னுக்கு மேற்கே ட்ருகனினாவில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. கிடங்குகளைத் தாண்டி உள்ளே வந்தால், ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வரிசையாகப் புது வீடுகள் நிற்கும். அதில் ஒன்று எங்களுடையது. எனக்குச் சொந்த ஊர் ஈரோடு. வீட்டுக்கு யார் வந்தாலும், மீட்டர் படிக்க வருகிறவராக இருந்தாலும், ஒரு வாய் டீ குடிக்காமல் போகக்கூடாது என்று நினைக்கிற ரகம் நான். அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது அந்தக் குணம்தான்.

முதலில் என் கணவரின் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஈரோட்டில் குடித்தனம் தொடங்கிய வருடங்கள், ஒரு நாளைக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாத வருடங்கள். ஆசை ஆசையாக ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. தேங்காய்ச் சட்னி இல்லாமல் எப்படி இட்லி வைப்பது என்று, நான் இன்வெர்ட்டர் லைனில் மிக்ஸியைச் செருகி ஓட்டினேன். இன்வெர்ட்டர் புகைவிட்டு ஓய்ந்தது. தேங்காய் பாதிதான் அரைபட்டிருந்தது. அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை, என்னையும் மறக்க விடுவதில்லை.

மெல்பர்னில் எப்போதோ ஒருமுறைதான் கரண்ட் போகும். ஆனாலும் இந்த வீட்டுக்கு வந்த மாதமே ஒரு யூபிஎஸ் வாங்கி வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். கறுப்பாக, செருப்புப் பெட்டி அளவில் ஒரு சாமான். உள்ளே பேட்டரி. கரண்ட் போனால் அந்த நொடியே அது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இண்டர்நெட் மோடமும் அவருடைய கம்ப்யூட்டரும் எதுவும் நடக்காதது போல ஓடும், திடீரென்று அணைந்து எதுவும் கெட்டுப்போகாது என்றார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், பிறந்த குழந்தையைக் காட்டுவது போல அதைக் காட்டுவார். தெருவில் காரைக் கழுவிக்கொண்டிருப்பவரிடம் கூட அதன் பெருமையைச் சொல்லிவிட்டு வருவார்.

நான் அதற்கு 'உங்க இரண்டாவது சம்சாரம்' என்று பெயர் வைத்தேன். அதன் தலையில் ஏதோ ஒரு சீட்டை எழுதி ஒட்டியிருந்தார். படிக்கச் சொன்னார். அப்புறம் படிக்கிறேன் என்றேன். ஹாலில் கறுப்புப் பெட்டி அசிங்கமாக இருக்கிறது என்று அதன் மேல் ஒரு எம்பிராய்டரி துணியை விரித்து, மணி பிளாண்ட் பாட்டில் ஒன்றை வைத்தேன். தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் பிளாஸ்டிக் பூச்சாடிக்குச் சம்மதித்து ஒருவழியாகச் சமாதானம் ஆனோம். சீட்டு துணிக்கு அடியிலேயே இருந்தது.

அந்தப் புதன்கிழமை வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காலையிலிருந்து வடக்குக் காற்று அனலாக வீசியது. கணவர் சிட்டியில் ஆபீஸ் போயிருந்தார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் இரண்டரை இருக்கும், காற்று சட்டென்று திசை மாறிச் சுழன்று அடித்தது. தெருவில் குப்பைத் தொட்டிகள் உருண்டன. ஏசி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. மூலையில் பெட்டி மட்டும் 'பீப்' என்று ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் எதிர்வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். அதுவரை கையசைப்பதும், சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தால் சிரிப்பதும்தான் எங்கள் பழக்கம். அவர் அரக்குப் பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் சின்ன வெள்ளித் தட்டோடு நின்றார். நெற்றிப் பொட்டு வேர்வையில் கலைந்திருந்தது.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. உங்கட வீட்டில நெட் வேலை செய்யுதோ? கரண்ட் போனாலும் நிக்காது எண்டு உங்கட அவர் ஒருநாள் சொன்னவர்."

"செய்யுதுக்கா. உள்ள வாங்க முதல்ல."

உள்ளே வந்தும் அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அவருடைய ஒரே தங்கைக்கு அன்று யாழ்ப்பாணத்தில் கல்யாணம். விசா விஷயம் முடியாததால் அக்கா ஊருக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அவர் கிளம்பியபோது அந்தத் தங்கை வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியுமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளாம். தாலி கட்டுவதையாவது நேரில் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே குளித்து, உடுத்தி, ஹாலில் டிவியோடு போனை இணைத்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கணவருக்கு வேர்ஹவுஸில் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போயிருக்கிறது. எங்கள் பக்கம் சாதாரண நாளிலேயே போனில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான். தெருவே போனை நம்பிய அந்த நேரத்தில் அதுவும் இல்லை.

"இங்கத்த நேரத்துக்கு மூண்டு ஐம்பதோட முகூர்த்தம் முடிஞ்சிடும்" என்றார்.

என் லேப்டாப்பில் அழைப்பைப் போட்டோம். படம் பளிச்சென்று வந்தது. அங்கே மணவறைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் ஒரு நாற்காலியை, அவர்கள் பேச்சில் கதிரையை, காலியாக விட்டு, அதில் பட்டுத்துணி விரித்து ஒரு டேப்லெட்டை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அக்கா உட்கார வேண்டிய கதிரை அது. அங்கே டேப்லெட்டில் இவர் முகம் தெரிய, இங்கே லேப்டாப்பில் கல்யாணம் தெரிந்தது. போகிற வருகிற சொந்தங்கள் அந்தக் கதிரைக்குக் குனிந்து, "எப்பிடியடி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு குழந்தை டேப்லெட்டுக்கு லட்டு ஊட்டப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத கல்யாணத்தில் நானும் சேலை முந்தானையைச் சரிசெய்துகொள்வது போல டீஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

தங்கை கூறைச் சேலை மாற்ற உள்ளே போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாண வீட்டுக்காரர் வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது, ஒரு டம்ளர் தண்ணீர்தான் கொடுத்திருக்கிறேன். நல்ல நாளும் அதுவுமாகத் தொண்டை வறள உட்கார வைத்திருக்கிறேனே! எங்கள் வீட்டில் கேஸ் கிடையாது, இண்டக்‌ஷன் அடுப்புதான். அது செத்துக் கிடந்தது. பார்வை அப்படியே மூலைப் பெட்டிக்குப் போனது. பின்னால் நான்கு ஓட்டை, இரண்டு காலி. இரண்டு நிமிஷத்தில் கொதிக்கிற கெட்டில், இதனால் என்ன ஆகிவிடும்?

நீங்கள் நினைப்பது சரிதான். ஈரோட்டு மிக்ஸி எனக்கு அப்போது ஞாபகம் வரவே இல்லை.

கெட்டிலைச் செருகி சுவிட்சைத் தட்டினேன். பெட்டி 'பீ...' என்று நீளமாக ஒரு கூச்சல் போட்டது. அவ்வளவுதான். மோடத்தின் பச்சை விளக்குகள் மொத்தமாக அணைந்தன. லேப்டாப்பில் தங்கை கூறைச் சேலையில் மணவறைக்கு வரும் படம் அப்படியே உறைந்து நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மணி மூன்று முப்பத்தாறு.

அக்கா திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், கையில் இருந்த டீத்தூள் டப்பாவைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். "தேத்தண்ணியோ போட்டனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். போன் போகவில்லை. பெட்டியைத் தட்டினேன், உலுக்கினேன், பின்னால் குனிந்து பார்த்தேன். குனிந்த வேகத்தில் பூச்சாடி உருண்டு விழுந்து துணியும் கூட வந்தது. அடியில் அந்தச் சீட்டு. என் கணவரின் கோணல் எழுத்து.

'இதைப் படிக்கிறாய் என்றால் எதையோ செருகிவிட்டாய் என்று அர்த்தம். அநேகமாகக் கெட்டில். முதலில் அதைப் பிடுங்கு. முன்னால் உள்ள பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடி. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாகும் வரை பொறு. நடுவில் எதையும் தொடாதே. பதறாதே, ஒன்றும் கெட்டுப்போகாது.'

அநேகமாகக் கெட்டில்! கட்டிய மனுஷனுக்கு என்னை எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கெட்டிலைப் பிடுங்கினேன். பட்டனை அழுத்தினேன். பெட்டி 'பீப்' என்றது. அந்தச் சத்தத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் மோடம் உடனே எழுந்துவிடவில்லை. முதல் விளக்கு வர ஒரு நிமிஷம். இரண்டாவது சிமிட்டிக்கொண்டே இருந்தது. நானும் அக்காவும் தரையில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். எதையாவது செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடலாமா என்று கூடக் கையை நீட்டிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதேங்கோ எண்டு எழுதிக் கிடக்கெல்லோ. சும்மா இருங்கோ, தங்கச்சி."

அவர் கை சில்லென்று இருந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். எனக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. அந்த ஐந்து நிமிஷமும் என் ஆயுளில் பாதி போனது போல இருந்தது. மணி மூன்று நாற்பத்திரண்டுக்குக் கடைசி விளக்கும் பச்சையானது. லேப்டாப்பில் வட்டம் நின்றது.

தாலி கட்டி முடித்திருப்பார்கள், எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருப்பார்கள், இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்துகொண்டே நிமிர்ந்தேன். மணவறையில் மாப்பிள்ளை தாலிக்கொடியை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். குருக்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் கையைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். தங்கை தலையைக் குனியாமல், நேரே இந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற பெண் டேப்லெட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "அக்கா வந்திட்டா! அக்கா வந்திட்டா!"

நடந்ததை அவளே மூச்சிரைக்கச் சொன்னாள். டேப்லெட் இருட்டானதும் மணப்பெண், "அக்காட கதிரை இருண்டு போய்க் கிடக்கு. அவ வராமல் நான் குனிய மாட்டன்" என்று சொல்லிவிட்டாளாம். பெரியவர்கள் அதட்டியும் கேட்கவில்லை. குருக்களிடம், "முகூர்த்தம் எத்தனை மணி வரைக்கும் கிடக்கு ஐயா? அது வரைக்கும் பாப்பம்" என்றாளாம். "மாப்பிள்ளைக்குத்தான் பாவம், கை உளைஞ்சு போச்சு" என்று அவள் சொல்ல, மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார்.

தங்கை அக்காவைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினாள். பிறகு குனிந்தாள். மேளம் முழங்கியது. அக்கா வெள்ளித் தட்டிலிருந்து அறுகரிசியை, நம் அட்சதை மாதிரி, அள்ளி என் லேப்டாப் மீது தூவினார். என் கையிலும் கொஞ்சம் போட்டார். நானும் தூவினேன். ஈரோட்டுக்காரி, ட்ருகனினாவில் உட்கார்ந்து, யாழ்ப்பாணத்தில் நடந்த கல்யாணத்தை வாழ்த்தினேன். அக்கா வாய்விட்டு அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். என்னுடையதில் பாதி, தப்பித்தோம் என்ற அழுகை.

ஐந்து மணிவாக்கில் கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது, ஏசி ஓடியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப ஒரு தேத்தண்ணி போடுங்கோ பாப்பம்" என்றார். கெட்டிலைச் சமையலறைச் சுவரில் செருகும் முன் நான் ஒருமுறை மோடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

சாயங்காலம் வந்த கணவர், துணியில்லாமல் நிற்கும் பெட்டியையும் சீட்டையும் பார்த்தார். "கெட்டிலா?" என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன். நேரே போய் முகம் கழுவினார், ஆனால் தோள் குலுங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை. இப்போது அந்தப் பெட்டிக்குத் துணியும் இல்லை, பூச்சாடியும் இல்லை. வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவது நான்தான்.

என் லேப்டாப்பைச் சாய்த்தால் உள்ளே எங்கேயோ ஒரு அரிசி உருளும் சத்தம் இன்னும் கேட்கிறது. எடுத்துவிடலாம் என்று கணவர் சொல்வார், நான் விடுவதில்லை. வந்தவருக்கு ஏதாவது கொடுத்தால்தான் உபசாரம் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு, அவர் எதற்காக வந்தாரோ அதைக் கெடுக்காமல், பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் உபசாரம்தான் என்று அந்த ஒற்றை அரிசி ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.